கொழுந்தன் சாப்பிடும் மாத்திரை

சித்ராவுக்கு அவளுடைய ஓர்ப்படி, கொழுந்தன் மனைவி கலைப்பிரியாமேல் பொறாமை இருந்தது. நகைக்காகவோ வீட்டுக்காகவோ இல்லை. கலைப்பிரியாவின் புருஷனுக்கு வந்திருந்த வியாதிக்காக.

அண்ணன் தம்பி இரண்டு பேருக்குமே மனநோய். மூத்தவர் சீனுவாசன்தான் சித்ராவின் கணவர். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் ஓடும் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். மகள் அன்புச்செல்வி பிறந்து நடக்கப் பழகிய சமயத்தில், பஸ்ஸில் ஏறுகிறவர்கள் எல்லோரும் தன்னைப் பற்றியே பேசிக்கொள்கிறார்கள் என்று அவருக்குத் தோன்ற ஆரம்பித்தது. பிறகு ஆளே இல்லாத இடத்திலும் பேச்சு கேட்டது. விழுப்புரத்தில் மனநல மருத்துவர் வேங்கடேசன் பார்த்துவிட்டு ஸ்கிசோஃப்ரீனியா என்றார், மனச்சிதைவு என்று தமிழிலும் சொன்னார். மாத்திரையில் குரல்கள் அடங்கின. குரல்களோடு சேர்ந்து சீனுவாசனும் அடங்கிப் போனார். சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவார். நிலக்கடலை போட்டிருந்த மல்லாட்டைக் கொல்லைக்குத் தண்ணீர் பாய்ச்சச் சொன்னால் பாய்ச்சுவார். மற்ற நேரமெல்லாம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். சித்ரா பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பாத்திரக்கடையில் நாள் முழுக்க நின்று வியாபாரம் பார்த்துவிட்டு வந்தால், காலையில் விட்டுப் போன அதே இடத்தில் அதே மாதிரி இருப்பார்.

இளையவன் தேவா, கலைப்பிரியாவின் கணவன். திண்டிவனத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தான். அவனுக்கு வந்தது பைபோலார், மனநிலை மாறி மாறி ஏறி இறங்கும் நோய். ஏறினால் தூக்கமே கிடையாது, கடையில் இருக்கும் சாமானை எல்லாம் வருகிறவர் போகிறவருக்குத் தூக்கிக் கொடுப்பான், நெடுஞ்சாலையில் நின்று லாரிகளுக்கு வழி காட்டுவான். இறங்கினால் கடை ஷட்டரைத் திறக்க மாட்டான், போர்வைக்குள்ளிருந்து தலையை எடுக்க மாட்டான். ஆனால் இரண்டுக்கும் நடுவில் முழு ஆளாகத் திரும்பி வந்துவிடுவான். அதுதான் சித்ராவால் தாங்க முடியாதது. ஒரு மனுஷன் போகிறான், மறுபடி வருகிறான். அவளுடைய மனுஷன் போனவர் போனவர்தான்.

மாசி மாதத்தில் தேவாவின் மகன் இனியவனுக்கு மேல்மலையனூரில் காதுகுத்து வைத்தார்கள். தீபாவளிக்கு அடுத்து ஆஸ்பத்திரியில் கட்டிலோடு கிடந்த தேவா, அன்று வெள்ளைச் சட்டையில் எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டு திரிந்தான். கூட்டத்தில் கலைப்பிரியாவின் முந்தானை ஒரு தகரத்தில் மாட்டிக் கிழிந்தபோது, யாரும் சொல்லாமலே ஓடிப்போய் ஊக்கு வாங்கிக்கொண்டு வந்து அவனே குத்திவிட்டான். சித்ரா அதைப் பார்த்தாள். பந்தியில் எது பரிமாறினார்கள் என்றுகூட அவளுக்குப் பிறகு நினைவில்லை, அந்த ஊக்கு மட்டும் நெஞ்சில் குத்திக்கொண்டே இருந்தது.

பஸ்ஸில் திரும்பும்போது அன்புச்செல்வி கேட்டாள். "சித்தப்பாவுக்கும் அப்பா மாதிரிதானம்மா முடியாம போச்சு? அவருக்கு மட்டும் எப்டி சரியாவுது?"

"அது வேற, இது வேற."

"யாரு சொன்னா வேறன்னு?"

முன் சீட்டில் சீனுவாசன் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி ஆடாமல் உட்கார்ந்திருந்தார்.

சித்திரையில் கலைப்பிரியா போன் செய்தாள். புதுச்சேரி போகிற வழியில் ஒரு மருத்துவக் கல்லூரியில் ஆராய்ச்சி நடக்கிறதாம். ஒரே குடும்பத்தில் ஒருவருக்கு இந்த வியாதியும் இன்னொருவருக்கு அந்த வியாதியும் இருந்தால், இருவரின் மூளையையும் படமெடுத்துப் பார்க்கிறார்களாம். டாக்டர் வேங்கடேசன்தான் சொல்லி அனுப்பியிருந்தார்.

"போய்ட்டுதான் வருவமேக்கா. எங்க வூட்டுக்காரராவது பரவால்ல, கொஞ்ச நாள் நல்லா இருக்காரு. மாமாவ நெனச்சாதான் பாவமா இருக்குது. படத்துல எதுனா தெரிஞ்சா நல்லதுதானே."

கலைப்பிரியா அன்பாகத்தான் சொன்னாள். 'எங்க வூட்டுக்காரராவது பரவால்ல' என்பது மட்டும் சித்ராவின் காதில் நின்றது. ஆனாலும் வருகிறோம் என்றாள். அவளுக்கு வேறொரு கணக்கு இருந்தது. டாக்டர் வாயால் கேட்டுப் பேர் வைத்தாரே தவிர உள்ளே யார் பார்த்தது? படம் எடுத்தால், சீனுவாசனுக்கும் தம்பிக்கு இருப்பதே இருக்கிறது, இத்தனை காலம் தப்பான மாத்திரை சாப்பிட்டிருக்கிறார் என்று தெரிந்துவிடலாம் அல்லவா?

ஸ்கேன் எடுக்கும் இடத்தில் அரைஞாணையும் மோதிரத்தையும் கழற்றச் சொன்னார்கள். முதலில் போன தேவா உள்ளே படபடவென்று அடிக்கிற சத்தத்தைத் தாங்க முடியாமல் இரண்டு முறை தலையைத் தூக்கிவிட்டான். அவனுக்கு மறுபடி எடுக்க வேண்டியிருந்தது. சீனுவாசன் படு என்றதும் படுத்தவர், எழு என்கிற வரை விரலைக்கூட அசைக்கவில்லை.

"அண்ணனோட படம் ரொம்ப சுத்தமா வந்திருக்கு. இப்படி யாரும் படுக்கறதில்ல" என்றாள் ஆராய்ச்சி செய்யும் டாக்டர் ஆர்த்தி.

சித்ராவுக்கு அது பெருமையாக இருந்தது. கலைப்பிரியாவைத் திரும்பிப் பார்த்தாள். அவள் தேவாவுக்குச் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டுக்கொண்டிருந்தாள், காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

படத்தைப் பார்க்கலாமா என்று தேவாதான் கேட்டான். ஆர்த்தி இரண்டு பேரையும் கேட்டுக்கொண்டு, கம்ப்யூட்டரில் அடுத்தடுத்து வைத்துக் காட்டினாள். உடைத்த தேங்காய்க்குள் அக்ரூட் பருப்பை வைத்தது போல இரண்டு மூளைகள், சாம்பலும் கறுப்புமாக. சித்ரா இதையும் அதையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எது யாருதுங்க?"

"பேரை மறைச்சிட்டா எனக்கே தெரியாதும்மா" என்றாள் ஆர்த்தி. "ஒருத்தர் படத்தைப் பாத்து இது இந்த நோய்னு சொல்லிட முடியாது. நூத்துக்கணக்கான பேரோடதைச் சேர்த்து சராசரி எடுத்தாதான் வித்தியாசம் தெரியும். மனச்சிதைவு உள்ளவங்களுக்கு மூளையோட சாம்பல் பகுதி பல இடத்துல கொஞ்சம் மெலிஞ்சிருக்கும். நடுவுல நீர் இருக்கற அறைங்க கொஞ்சம் பெருசா இருக்கும். பைபோலார்லயும் கிட்டத்தட்ட அதே இடங்கள்தான், ஆனா குறைவா இருக்கும். ரெண்டையும் கோடு போட்டுப் பிரிக்க முடியல, அதுக்குத்தான் இந்த ஆராய்ச்சி."

"அப்ப ரெண்டும் ஒண்ணுதானா?"

"ஒண்ணு இல்லம்மா. ஒண்ணுக்கொண்ணு சொந்தம் மாதிரி. இதுல இன்னொரு சிக்கலும் இருக்கு. தம்பி சாப்பிடற லித்தியம் இருக்கே, அதைச் சாப்பிடறவங்களுக்குச் சில இடம் மத்தவங்களைவிட நிறைவா தெரியுது. அதனால நாங்க பாக்கற வித்தியாசம் நோயாலயா மாத்திரையாலயான்னு பிரிக்கறது கஷ்டம். இதை வச்சு யாருக்கும் மருந்து மாத்தக் கூடாது."

கடைசியில் சொன்னது சித்ராவுக்குள் இறங்கவில்லை. அதற்கு முன்னாலேயே அவள் கேட்பதை நிறுத்தியிருந்தாள். படித்த டாக்டருக்கே இரண்டும் வேறு வேறாகத் தெரியவில்லை. அந்த மாத்திரை மூளையை நிறைவாக்குகிறது. அப்படியானால் கலைப்பிரியாவுக்குக் கிடைத்தது நல்ல வியாதி இல்லை, நல்ல மாத்திரை.

மறுநாள் கடையிலிருந்து வரும் வழியில் மெடிக்கலில் கேட்டுப் பார்த்தாள். டாக்டர் சீட்டு இல்லாமல் அதைக் கொடுக்க முடியாது என்று பையன் சொல்லிவிட்டான். டாக்டர் வேங்கடேசனிடம் கேட்கலாம்தான். கேட்டால் வேண்டாம் என்பார் என்று அவளுக்குத் தெரியும். அதனால் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒரு பை மல்லாட்டையோடு திண்டிவனத்துக்குப் போனாள். கலைப்பிரியா ஆசையாக வரவேற்றாள். "உக்காருக்கா, பால் வாங்கிக்கினு ஜல்தி வந்துடறேன்" என்று தெருமுனைக்குப் போனாள். தேவா கடையில் இருந்தான். பிரிட்ஜ் மேல் இருந்த டப்பாவில் அட்டை அட்டையாக லித்தியம் இருந்தது. சித்ரா நாலைந்து அட்டைகளை எடுத்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். 'இத்தனை வச்சிருக்கா, எனக்குக் கொஞ்சம் வந்தா என்ன' என்றுதான் தோன்றியது. கலைப்பிரியா வந்து போட்டுக் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, அவள் கட்டிக் கொடுத்த முருங்கைக்காயையும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

அன்றிலிருந்து சீனுவாசனின் மனச்சிதைவு மாத்திரையை எடுத்து வைத்துவிட்டு, தேவா சாப்பிடுகிற மாதிரி காலையும் இரவும் லித்தியத்தைக் கொடுத்தாள். பிரஷருக்கு அவர் சாப்பிடும் மாத்திரையை மட்டும் நிறுத்தவில்லை. அவர் உள்ளங்கையில் இருந்ததை ஒரு கணம் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார்.

ஒரு வாரம் போனது. வெயில் கொளுத்தியது. ஒரு சாயங்காலம் சித்ரா வேலையிலிருந்து வந்தபோது கொல்லைப் பக்கமிருந்து சீனுவாசனின் பேச்சுக் குரல் கேட்டது. அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். கேள்வி கேட்கிற மாதிரி, பதில் சொல்கிற மாதிரி, ஏற்ற இறக்கத்தோடு பேசிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு முனியம்மாளோடு பேசுகிறார் போல என்று நினைத்தாள். கண் நிறைந்துவிட்டது. கலைப்பிரியாவுக்கு இப்போதே போன் போட்டு, எங்க வூட்டுக்காரரும் பேச ஆரம்பிச்சிட்டாரு என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. எதற்காகவோ முதலில் அதுதான் தோன்றியது.

பின்பக்கம் போய்ப் பார்த்தாள். முனியம்மாள் இல்லை. யாருமே இல்லை. சீனுவாசன் வேலியைப் பார்த்து, "நான் எடுக்கல, நான் எடுக்கல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். காசை எடுத்துவிட்டான் என்று, பஸ்ஸில் டிக்கெட் கிழித்த காலத்தில் கேட்ட அதே குரல்களுக்கு, அதே பதில்.

அப்போதே அவள் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. தேவாவுக்கும் சரியாவதற்கு முன்னால் பேஜாராகத்தானே இருந்தது, ஏறி இறங்கித்தான் நிற்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அடுத்த நாள் அவர் கையில் பிடித்த டம்ளர் ஆடி, நீர் மேலெல்லாம் கொட்டியது. வாந்தியும் பேதியுமாகப் போனது. வெயிலால் என்று மோர் கரைத்துக் கொடுத்தாள். அதற்கும் மறுநாள் காலை நாற்காலியிலிருந்து எழுந்தவர், குடித்தவர் போலத் தள்ளாடி அலமாரிமேல் சாய்ந்து விழுந்தார். சித்ரா கூப்பிட்டதற்குப் பதில் சொல்ல அவருக்கு நாக்குக் குழறியது.

அன்புச்செல்வி ஆட்டோவுக்கு ஓடினாள். விழுப்புரத்தில் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார், கையைத் தூக்கச் சொன்னார். "வாதம் மாதிரி இருக்கு. உடனே மூளைக்கு ஸ்கேன் எடுக்கணும்" என்று நர்ஸிடம் சொன்னார்.

"அது ஸ்கேன்ல தெரியாதுங்க" என்றாள் சித்ரா.

டாக்டர் திரும்பிப் பார்த்தார்.

"நான்தாங்க குடுத்தேன். என் கொழுந்தன் சாப்பிடற மாத்திரை. லித்தியம். இவுருதை நிறுத்திட்டு அத்தக் குடுத்தேன்." மகள் பக்கத்தில் நிற்பது அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் சொன்னாள். கிளம்பும்போது ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு வந்த மிச்ச அட்டையை எடுத்து நீட்டினாள்.

ரத்தத்தில் லித்தியம் ஏறியிருந்தது. பிரஷர் மாத்திரையும், வெயிலில் நீர் வற்றிப்போன உடம்பும் சேர்ந்து அதை வெளியே போகவிடாமல் செய்துவிட்டன என்றார்கள். சலைன் ஏற்றினார்கள். சேதி கேட்டு வந்த டாக்டர் வேங்கடேசன் அவளைத் திட்டவில்லை. "ரெண்டு நாள் விட்டு வந்திருந்தா கிட்னி போயிருக்கும், இல்ல ஆளே போயிருப்பாரு. ஏம்மா இப்படி?" என்று மட்டும் கேட்டார். அவளால் பொறாமை என்கிற வார்த்தையைச் சொல்ல முடியவில்லை. "நல்லாவணும்னுதாங்க" என்றாள். அது பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

மத்தியானம் கலைப்பிரியா திண்டிவனத்திலிருந்து வந்து சேர்ந்தாள். அன்புச்செல்வி போனில் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். கலைப்பிரியா வார்டுக்குள் வந்து கட்டிலில் இருந்தவரைப் பார்த்தாள், பிறகு சித்ராவை வராந்தாவுக்குக் கூப்பிட்டாள். எப்போதும் அக்கா அக்கா என்று சுற்றிச் சுற்றி வருகிறவள், சுவரைப் பார்த்தபடி பேசினாள்.

"அட்டை கொறையுதுன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். யாரு மேல சந்தேகப்பட்டேன் தெரியுமா? அவரு மேல. மின்ன ஒரு தபா சேத்து வச்சிக்கினு மொத்தமா முழுங்கிட்டாரே, அதே மாதிரி எங்கியோ ஒளிச்சு வச்சிக்கிறாருன்னு நெனச்சேன். பீரோ, மெத்த, கடை டிராயர், ஒண்ணு விடல. எடுக்கலன்னு அவரு எம் புள்ள தலமேல கைய வச்சு சத்தியம் பண்ணாரு. நம்பல. பாத்ரூம் போனாக்கூட கதவாண்ட நின்னேன்."

சேர்த்து வைத்து முழுங்கியது சித்ராவுக்குத் தெரியாது. தீபாவளிக்கு அடுத்து தேவா ஆஸ்பத்திரியில் கிடந்ததற்குக் காரணம் காய்ச்சல் என்று அவளிடம் சொல்லியிருந்தார்கள்.

"எங்கிட்ட சொல்லவே இல்லியே நீ."

"இன்னான்னு சொல்றது? நீங்க எங்களப் பாக்கற பார்வை எனக்குத் தெரியாதாக்கா? நல்லா இருக்கறப்ப மட்டும் பாத்துட்டுப் பெருமூச்சு வுடுவீங்க. அந்த நேரத்துல வாயத் தொறந்து இத்த எப்டி சொல்லுவேன்?"

சித்ரா மன்னிச்சிடு என்று சொல்ல வாயெடுத்தாள். கலைப்பிரியா அதற்குள் கொண்டுவந்த சாப்பாட்டுக் கூடையை அன்புச்செல்வியிடம் கொடுத்துவிட்டுப் படி இறங்கிவிட்டாள். அதற்குப் பிறகு வெகுநாள் போன் செய்யவில்லை.

நடுக்கம் மெல்ல மெல்லக் குறைந்தது. பழைய மாத்திரையை மறுபடி ஆரம்பித்தார்கள். ஒரு காலை சித்ரா அவருக்கு இட்லியைப் பிட்டு ஊட்டிக்கொண்டிருந்தபோது, சீனுவாசன் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

"அது தேவா மாத்திரைதானே" என்றார்.

சித்ராவின் கை அப்படியே நின்றது. "தெரியுமா?"

"கலரு வேற. தேவா வூட்ல பாத்திருக்கேன்."

"தெரிஞ்சும் ஏன் சாப்டீங்க?"

அவர் யோசித்தார். அவர் யோசிப்பது முகத்தில் தெரியாது, நேரம் மட்டும் போகும். இத்தனை வருஷமாக அந்த நேரம் முழுக்க அவள் காத்திருந்ததே இல்லை, பதில் வராது என்று எழுந்து போய்விடுவாள். இன்றைக்கு இட்லித் தட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

"நீ ஆசையா குடுத்த" என்றார் கடைசியில். பிறகு, "தேவா மாதிரி ஆயிட்டா உனக்கு நல்லாருக்கும்னு நெனச்சேன். ஆவல."

சித்ரா தட்டைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவர் தட்டைத் தானே எடுத்து, ஆடும் கையால் மீதி இட்லியைச் சாப்பிட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகு பெரிதாக ஒன்றும் மாறிவிடவில்லை. அவர் நாற்காலியில் உட்கார்ந்தார், சுவரைப் பார்த்தார். ஆனால் சித்ரா ஏதாவது கேட்டால், பதில் வரும் வரை அங்கேயே நிற்கப் பழகினாள். சில நேரம் வரும். சில நேரம் வராது. வந்தாலும் இரண்டு மூன்று வார்த்தைதான். குழம்பில் உப்பு அதிகம், மோட்டார் சத்தம் சரியில்லை, அன்புச்செல்வி அழுதுகொண்டிருந்தாள் என்று. அன்புச்செல்வி அழுததை அவள் கவனித்திருக்கவில்லை.

புரட்டாசியில் கலைப்பிரியாவிடமிருந்து போன் வந்தது. தேவா மறுபடி இறங்கிவிட்டான். மாத்திரையை மறுபடி ஒளித்துச் சேர்த்து வைத்துக்கொள்வானோ என்கிற பயத்தில் தனியாக விட முடியவில்லை, இனியவனுக்கு வேறு காய்ச்சல். அவளுக்குக் கூப்பிட வேறு ஆள் இல்லை. அதைச் சொல்லவும் செய்தாள். "உங்க மேல கோவம் போவல. ஆனா வாங்கக்கா."

சித்ரா சீனுவாசனையும் அழைத்துக்கொண்டு போனாள். தேவா உள்ளறையில் சுருண்டு படுத்திருந்தான். யார் போய்ப் பேசினாலும் அடித்துக் கத்துவான் என்று கலைப்பிரியா எச்சரித்தாள். ஆறுதல் சொல்ல வந்த அவளுடைய அப்பாமேலேயே செம்பை எறிந்திருந்தான். யாரும் ஒன்றும் சொல்லாமலே சீனுவாசன் உள்ளே போய், தம்பியின் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்தார். எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. சாப்பிடு என்று சொல்லவில்லை. வீட்டில் உட்காருவது போலவே உட்கார்ந்திருந்தார். தேவா தலையைத் தூக்கிப் பார்த்தான், மறுபடி படுத்துக்கொண்டான். கத்தவில்லை.

சாயங்காலம் வரை அப்படியே போனது. விளக்கு வைக்கும் நேரத்தில் தேவா, "அண்ணா, தண்ணி" என்றான். சீனுவாசன் எழுந்து வந்து சமையற்கட்டில் சொம்பில் மொண்டு எடுத்துப்போனார்.

கதவருகே நின்ற கலைப்பிரியா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கலக்கா அவரு" என்றாள். "நான் எத்தினி தபா குடுத்தேன் தண்ணி."

சித்ரா அவள் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வை அவளுக்கு நன்றாகத் தெரியும். அதே பார்வையால் அவளே எத்தனையோ முறை கலைப்பிரியாவையும் தேவாவையும் பார்த்திருக்கிறாள். மனதின் ஓரத்தில் கொஞ்சம் சந்தோஷம் வந்தது. இந்த நேரத்தில் இது வருகிறதே என்று வெட்கமாகவும் இருந்தது. இரண்டும் போகவில்லை.

"நீ போய் புள்ளையாண்ட படு" என்றாள். "ரசம் நான் வைக்கிறேன்."